மறைத்த அடிக்குறிப்பு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மேட்டுக்கு ஏறும் படிக்கட்டின் ஓரத்தில், கொப்பி, பென்சில், சாமி படம் விற்கும் ஒரு சிறு கடை இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் சனிக்கிழமை தவறாமல் அங்கே போவேன். பெரும்பாலும் ஒன்றும் வாங்க மாட்டேன். முதலாளி கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு தடித்த சி.ஆர். கொப்பியை எடுத்து நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு, மூலையில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தக் கொப்பியில் எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். கினிகத்தேனைக்குப் பக்கத்திலுள்ள தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன், கத்தோலிக்கன், குருமடத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, சாமியாராகும் அழைப்பு எனக்கில்லை என்று தெரிந்து வெளியே வந்தவன். மற்றவர் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்; புரொட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிறிஸ்மஸுக்கு முன்னால் இரு சபையாரும் சேர்ந்து நடத்திய ஒரு பாட்டு வழிபாட்டில் அவரைச் சந்தித்தேன். தேநீர் குடிக்கும்போது பேச்சு நான்காம் சுவிசேஷத்தில் தொடங்கியது. அதை எழுதியது பன்னிரு சீடரில் ஒருவரா, அவருக்குப் பின்னால் வந்த யாரோவா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

மருந்து எடுக்க அவர் புதன்கிழமைகளில் ஹட்டனுக்கு வருவார். எனக்குச் சனிக்கிழமைதான் முடியும். இரண்டு பேரும் அந்தக் கடைக்கு வாடிக்கை. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல வரப்போறதில்ல. எழுதி வச்சிட்டுப் போங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று முதலாளி சொன்னார். அப்படித்தான் கொப்பி தொடங்கியது. முதலாளி முருக பக்தர். கிறிஸ்தவத்தோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நாங்கள் எழுதுவதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். சில இடங்களில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார். அநேகமாக நான் மழுப்பியிருந்த இடங்கள் அவை.

ஒரே ஆளைப் பற்றி எழுதும்போதுகூட எங்களுக்கு வேறு வேறு பெயர். நான் சின்னப்பர் என்பேன், அவர் பவுல் என்பார். எனக்கு இராயப்பர், அவருக்குப் பேதுரு. முதல் ஒரு மாதம் இதிலேயே ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டோம். பிறகு விஷயத்துக்கு வந்தோம். சுவிசேஷங்களில் எது முதலில் எழுதப்பட்டது, எந்தக் கடிதங்கள் பவுலே எழுதியவை, எவை அவர் பெயரில் பிற்பாடு வந்தவை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை என்று அவர் ஒருநாள் எழுதினார். அப்படி இருக்கவே முடியாது என்று நான் சூடாகப் பதில் எழுதினேன். எங்கள் பங்குச் சாமியாரின் புத்தக அலமாரியில் தேடிப் பார்த்தபோது டிஸ்பென்சர் சொன்னது சரியாக இருந்தது. அவரிடம் இருந்ததோ முன்னட்டையும் கடைசிப் பக்கங்களும் போன ஒரே ஒரு பழைய விளக்கவுரை. கிரேக்க எழுத்துகளை அதிலிருந்தே பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியிருந்தார். குருமடத்தில் படித்த என்னை ஒரு மருந்துக்காரர் மடக்கிவிட்டாரே என்பது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. ஒருமுறையாவது அவரை வாயடைக்க வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அந்தச் சந்தர்ப்பம் ஒரு மே மாதத்தில் வந்தது. ரோமாபுரியாருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். கெங்கிரேயா என்னும் துறைமுக ஊரைச் சேர்ந்த பெபேயாள். அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். டிஸ்பென்சரின் தமிழ் வேதத்தில் அவளை அந்த ஊர்ச் சபையின் ஊழியக்காரி என்று போட்டிருக்கிறது. டிஸ்பென்சர் எழுதியது இதுதான்: பெபேயாளுக்குப் பவுல் வைத்திருக்கும் கிரேக்கச் சொல்லும், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் கண்காணிகளுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் உதவிக்காரர் என்னும் பொறுப்பாளர்களுக்கு வரும் சொல்லும் ஒன்றே. அங்கே அது பதவி என்றால் இங்கே மட்டும் ஏன் வெறும் பணிவிடை? ஆதிச் சபையில் ஒரு பெண்ணுக்குப் பொறுப்பு இருந்தது என்றுதானே ஆகிறது? கடைசியில், வழக்கமில்லாத வழக்கமாக, பதில் சீக்கிரம் வேண்டும் என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்.

அந்தக் கோட்டை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

சாமியாரின் அலமாரியில் அந்த நிருபத்துக்கு ஒரு பெரிய ஆங்கில விளக்கவுரை இருந்தது. அதில் எனக்கு வேண்டியது வேண்டியபடியே கிடைத்தது. அந்தச் சொல் பல இடங்களில் பொதுவாக உதவி செய்பவரையே குறிக்கிறது, பெபேயாளைப் பொறுத்தவரை அது பிறருக்குச் செய்த தொண்டாக இருக்கலாம், அவ்வளவு தொடக்க காலத்தில் அதை ஒரு பதவி என்று கொள்வது அவசரம் என்று அந்த அறிஞர் எழுதியிருந்தார். நான் மகிழ்ச்சியோடு அதைப் பெயர்த்து எழுதத் தொடங்கினேன். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதையும் வாசித்தேன். ஒரு குறிப்பிட்ட ஊர்ச் சபையின் பெயரோடு சேர்ந்து வருவதால் அங்கே அது ஒரு பொறுப்பையே குறிக்கவும் கூடும், ஆணுக்கு வந்தால் பதவி, பெண்ணுக்கு வந்தால் பணிவிடை என்று பிரிப்பதற்கு அந்தச் சொல்லிலேயே ஆதாரம் எதுவும் இல்லை, விஷயம் முடிவாகவில்லை. அந்தக் குறிப்பின் சாரம் அவ்வளவுதான். டிஸ்பென்சர் சொன்னதுதான் அது, கொஞ்சம் நிதானமாக.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். மேலே இருந்ததை மட்டும் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். உடைந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு கிரேக்கம் பேசுவது ஆபத்து என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதை எழுதியபோது வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

முதலாளி வாசித்துவிட்டு, இந்தத் தடவை மாஸ்டர் அடித்துவிட்டார் என்றார். ஆனால் எனக்கு அடுத்த சனிக்கிழமை பதில் இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. டிஸ்பென்சர் கொப்பியை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். நாலாவது வாரம் அது திரும்பிவந்தது. உள்ளே ஒரே வரி: உங்கள் பதிலைச் சபையில் முழுவதும் வாசித்தேன், நன்றி. அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

சபையில் ஏன் வாசிக்க வேண்டும்? முதலாளியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கொப்பியைக் கொடுத்தபோது டிஸ்பென்சரின் முகம் சரியாக இல்லை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வரிக்குக் கீழே எதையாவது எழுதப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு பள்ளி விடுமுறை நாளில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறினேன்.

அங்கே மழை எங்கள் பக்கத்தைவிடப் பலம். பஸ்ஸைவிட்டு இறங்கி, தேயிலை மலையில் ஒரு மணி நேரம் ஏறினேன். கால்சட்டைக்குள் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. மருந்துக்கொட்டிலில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து வந்த ஏழெட்டுப் பேர் நீள மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட ஒருவரின் கையை டிஸ்பென்சர் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாலும் கட்டு முடியும்வரை பேசவில்லை. எல்லாரும் போன பிறகு, முதலில் என் காலைக் காட்டச் சொல்லி, உப்பு வைத்து அட்டையை எடுத்தார். பிறகுதான் நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் தோட்டத்துச் சபைக்குப் போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஜெபம் நடத்திவந்தாள். நாற்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பாட்டை எடுத்துக்கொடுப்பாள், வேதம் வாசிப்பாள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நோயாளி இருந்தால் மருந்துக்கு முன்னால் அவள் போய் நிற்பாள். ஏழெட்டு வருஷமாக இப்படி நடந்து வந்ததில் யாரும் குறை சொன்னதில்லை. அந்த வருஷம் சபைக்கு ஒரு மேசையும் பிரசங்க பீடமும் புதிதாகச் செய்தார்கள். மரம் கொடுத்தவர் தோட்டத்துப் பெரிய கங்காணி. மேசை வந்த பிறகு, அதற்குப் பின்னால் ஒரு பெண் நிற்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறார் என்றார். டிஸ்பென்சர் பெபேயாளைக் காட்டினார். வாக்குவாதம் முற்றி, கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குருமடத்தில் படித்த, வேறு சபையைச் சேர்ந்த, யாருக்கும் சொந்தமில்லாத ஒருவரைக் கேட்பது, அவர் என்ன எழுதினாலும் அதைச் சபையில் அப்படியே வாசிப்பது.

"நான்தான் வாசிச்சேன் மாஸ்டர்" என்றார். "ஒரு எழுத்தும் விடல. ஒடஞ்ச புத்தகம்னு எழுதியிருந்தீங்கல்ல, அதையும் வாசிச்சேன். அன்னையோட அவங்கள நிறுத்திட்டாங்க."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விஷயம் இதுதான் என்று ஏன் முன்னாலேயே எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதியிருந்தா நீங்க எரக்கப்பட்டுப் பதில் சொல்லியிருப்பீங்க. எனக்கு உண்மை என்னன்னு தெரியணுமா இருந்துச்சு" என்றார்.

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என்னை அவ்வளவு நம்பியிருந்தார். அந்த வாங்கிலேயே உட்கார்ந்து அடிக்குறிப்பைப் பற்றிச் சொன்னேன். பார்த்தேன், வாசித்தேன், வேண்டுமென்றே விட்டேன் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் மருந்துப் போத்தல்களை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில், இதைத் தன்னிடம் சொல்லிப் பயனில்லை என்றார். அவர் கேட்டதும் நான் எழுதியதும் சபைக்காக. சொல்வதும் அங்கே சொல்ல வேண்டும்.

கினிகத்தேனைக்குத் திரும்பி வந்து எங்கள் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு காலை வேறொரு சபையின் ஜெபவீட்டில் போய் நிற்கப்போகிறேன் என்றால் என்ன சொல்வாரோ என்று பயம். அவர் அந்த விளக்கவுரையை எடுத்து, அடிக்குறிப்பை இரண்டு தடவை வாசித்தார். "ஞாயிறுப் பூசைக்குப் பதிலா சனிக்கெழம சாயங்காலப் பூசைக்கு வந்திரு. அந்தப் புத்தகத்தையும் கையோட கொண்டு போ" என்றார்.

ஜெபவீடு தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. முப்பது நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புதிய மேசையில் மெருகு வாசனை போகவில்லை. அதன் பின்னால் நின்று ஜெபம் நடத்தியவர் பெரிய கங்காணி. வெள்ளை வேட்டியும் கோட்டுமாக, வசனங்களைத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். அவருக்கும் அது பாரமாகத்தான் இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலே அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். பாட்டு வந்தபோது வேறு யாரோ எடுத்தார்கள்; சுருதி சேரவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

டிஸ்பென்சர் என்னை அறிமுகப்படுத்தியதும் மேசைக்குப் பக்கவாட்டில் நின்றேன். ஆங்கிலத்தில் இருந்ததை மேல் பகுதி, அடிக்குறிப்பு இரண்டையும் தமிழில் சொன்னேன். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டியதைச் சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கங்காணி எழுந்து நின்றார். "அப்ப மொதல்ல எழுதுனது பொய்யா மாஸ்டர்?"

"பொய் இல்லீங்க. பாதி."

"மீதி அப்ப கெடைக்கலையா?"

"கெடைச்சுச்சு. எனக்குத் தோத்துப்போக மனசில்ல. அதான் எழுதல."

கங்காணி விடவில்லை. பிலிப்பியர் நிருபத்திலேயே கண்காணி என்று முதலில் போட்டு, உதவிக்காரரை அடுத்தபடியாகத்தானே போட்டிருக்கிறது என்று கேட்டார். அவர் அந்த இடத்தைத் தன்னைப் போன்றவர்களுக்கு எழுதியதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். அந்தக் கண்காணி மலையில் ஆள் பிரித்து வேலை வாங்குபவர் அல்ல, சபையைக் கவனித்துக்கொள்ள வைத்தவர் என்றும், தொடக்கத்தில் மூப்பர்களையே அப்படி அழைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கங்காணியின் முகம் சிவந்தது. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. நான் அவரைத் திருத்த வந்தவன் இல்லை. என் பாவத்தைச் சொல்ல வந்தவன். விஷயம் இன்னும் முடிவாகவில்லை, பெரிய அறிஞர்களே இரண்டாகப் பேசுகிறார்கள், அவர் சொல்வது முழுவதும் தப்பு என்று நான் சொல்லவில்லை என்றும் சொல்லி உட்கார்ந்தேன். அது உண்மைதான். அதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் கூரைத் தண்ணீர் விழாத இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அருகில் போய், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

"மாஸ்டர் இம்புட்டு தூரம் வந்து சொன்னது பெரிசுதாங்க" என்றாள். "ஆனா அந்த ஆறு வாரம் போனது போனதுதானே. ஒரு பிள்ளை செத்துச்சு. நான் போய், ஜெபம் பண்ண முடியாம வெளியில நின்னுட்டு வந்தேன்."

பிறகு, தயங்கியபடி, வேறொன்று கேட்டாள். "அந்தம்மாதான் கடுதாசியக் கொண்டு போனாங்கன்னு சொன்னீங்களே. அங்க போனதும் அத யாரு வாசிச்சுக் காட்டியிருப்பாங்க? கொண்டு போனவங்கதானே வாசிச்சிருக்கணும்?"

டிஸ்பென்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றரை வருஷம் அந்த நிருபங்களைக் கிண்டிக் கிளறிய எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. தெரியவில்லை என்றேன். தெரிந்தால் எழுதி அனுப்பச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கொப்பியில் அவள் கேட்டபடியே எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் அதற்காகப் பல பக்கம் செலவழித்தோம். வாசித்திருக்கலாம், கேட்டவர்களுக்கு விளக்கமும் சொல்லியிருக்கலாம் என்பதற்கு மேல் போக முடியவில்லை. முதலாளி அந்தப் பக்கங்களில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

நான் போய்ச் சொன்னதால் எல்லாம் அன்றைக்கே நேராகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. போதகர் வந்து, இனி அவளே நடத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மறுத்துவிட்டாள். கங்காணி கூப்பிடாமல் அந்த மேசைக்குப் போக மாட்டேன் என்று டிஸ்பென்சரிடம் சொன்னாளாம். கங்காணி கூப்பிடவில்லை. அவரும் நடத்துவதை நிறுத்திவிட்டார். நாலு மாதம் டிஸ்பென்சர்தான் ஜெபம் நடத்தினார். மருந்து அளப்பதுபோல நடத்துகிறேன் என்று தன்னைப் பற்றியே கொப்பியில் எழுதினார்.

ஐப்பசி அடைமழையில் எங்கள் பக்கத்தில் மண் சரிந்து ரோடு நாலைந்து நாள் அடைபட்டுப்போனது. ரோடு திறந்த பிறகு ஹட்டனுக்குப் போனேன். டிஸ்பென்சர் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். வழக்கமாக அவர் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அன்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெரிய கங்காணியின் தாய் இறந்துவிட்டாள். அந்த மழையில் போதகருக்கு ஆள் அனுப்ப வழியில்லை. இரண்டாம் நாள் காலை, உடலை இனியும் வைத்திருக்கக் கூடாது என்று டிஸ்பென்சரே சொல்ல வேண்டியதாயிற்று. தானே அடக்க ஜெபத்தைச் செய்கிறேன் என்றார். கங்காணி குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, லயத்துக்குப் போய், முன்பு ஜெபம் நடத்திவந்த பெண் குடியிருந்த காம்பரா அறையின் வாசலில் நின்றார். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. அவள் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் வந்தாள். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார் என்று டிஸ்பென்சர் எழுதியிருந்தார். குழிமேட்டில் அவளே வாசித்து, அவளே ஜெபித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பின்னால் நின்றாள். கங்காணி முதல் வரிசையில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து பாடினார்.

வாசித்து முடித்துக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதலாளி எனக்கு முன்பே வாசித்திருந்தார். தேநீர் வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேனாவை எடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு என் அனுதாபத்தை எழுதினேன். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். பிறகு, பெபேயாளின் சொல் விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை, கண்டியில் ஒரு நூலகத்தில் வேறொரு விளக்கவுரை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று தொடர்ந்தேன். மறுவாரம் அவர் பதில் வந்தது. அடிக்குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்து வருமாறு எழுதி, பக்கத்தில் சிரிப்பதுபோல ஒரு சின்ன முகம் வரைந்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போகும்வரை, அந்த விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை.